தண்ணீர் கூடினால் பனியாறு வேகமெடுக்குமா?

பிரான்ஸின் ஷமோனி பள்ளத்தாக்குக்கு மேலே ஆர்ஜான்தியேர் என்றொரு பனியாறு இருக்கிறது. அதன் அடியில் ஓடும் உருகுநீரை மின்னுற்பத்திக்குத் திருப்பிவிடுவதற்காகப் பாறைக்குள் சுரங்கம் குடைந்திருக்கிறார்கள். சுரங்கத்தின் வழியே போனால் ஓரிடத்தில் பனிக்கும் பாறைக்கும் நடுவே, ஆள் நுழைகிற அளவுக்கு, இயற்கையாகவே உண்டான ஒரு பொந்து வரும். அங்கே ஒரு சைக்கிள் சக்கரத்தைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். சக்கரம் பனியின் அடிப்பரப்பை உரசிக்கொண்டே இருக்கும். பனி நகர்ந்தால் அதுவும் உருளும். எத்தனை சுற்று என்று எண்ணினால், பனியாறு பாறைமேல் எவ்வளவு தூரம் சறுக்கியது என்று தெரிந்துவிடும். 1970-களில் தொடங்கிய ஏற்பாடு இது. செயற்கைக்கோள்கள் வானத்திலிருந்தே பனியின் வேகத்தை அளக்கிற இந்தக் காலத்திலும், அடிப்பரப்பை நேராகத் தொட்டு அளக்கிற இடங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

பனியாற்று ஆய்வின் பெரிய தொல்லையே இதுதான். நடக்கிற காரியம் எல்லாம் அடியில் நடக்கிறது. அந்த அடி நூற்றுக்கணக்கான மீட்டர், சில இடங்களில் மூன்று நான்கு கிலோமீட்டர் பனிக்குக் கீழே கிடக்கிறது. பார்க்க முடியாத இடத்தைப் பற்றி யூகங்கள் பிறப்பது இயல்பு. அவற்றில் மிகச் சுலபமான யூகம் இது: பூமி சூடாகிறது, பனி அதிகமாக உருகுகிறது, உருகிய நீர் அடியில் போய்ச் சேருகிறது, அடி வழுக்குகிறது, பனியாறு இன்னும் வேகமாகக் கடலை நோக்கி ஓடுகிறது. செய்திகளிலும் ஆவணப்படங்களிலும் நாம் திரும்பத் திரும்பக் கேட்டது இந்தக் கதையைத்தான். இதில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே பார்த்தால் உண்மை. ஆனால் சங்கிலியாகக் கோத்து இழுத்தால் நடுவில் எங்கேயோ விட்டுப்போகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்களுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

முதலில் பனியாறு எப்படி நகர்கிறது என்று பார்த்துவிடலாம். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பனி தன் எடையாலேயே உள்ளுக்குள் நெகிழ்ந்து, மிகக் கெட்டியான பாகு போல மெல்ல வழிவது. இன்னொன்று, அடிப்பனி பாறைமேலோ சேற்றின்மேலோ அப்படியே சறுக்குவது. நெகிழ்ச்சி மெதுவானது, ஒரு நாளில் இருந்து மறுநாளுக்கு அதிகம் மாறாது. சறுக்கல் அப்படியில்லை. காலைக்கும் மாலைக்கும்கூட மாறும். பனியாற்றின் வேகம் திடீரென்று கூடியது, குறைந்தது என்று செய்தி வந்தால் அநேகமாகச் சறுக்கல்தான் காரணம்.

சறுக்க வேண்டுமென்றால் அடிப்பனி உருகுநிலையில் இருக்க வேண்டும். பாறையோடு உறைந்து ஒட்டிக்கொண்ட பனியாறுகளும் நிறைய உண்டு, அவை சறுக்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம். தடிமனான பனியில் இதற்கு ஒரு சலுகை இருக்கிறது. அழுத்தம் கூடக்கூடப் பனியின் உருகுநிலை கொஞ்சம் இறங்கும், ஒரு கிலோமீட்டர் பனிக்கு ஏறத்தாழ 0.7 டிகிரி செல்சியஸ் வீதம். கூடவே பூமியின் உள்வெப்பம் கீழிருந்து வருகிறது. ஆனால் அது அற்பம்: வருடத்துக்கு 5, 6 மில்லிமீட்டர் பனியை உருக்கினால் அதிகம். சறுக்கும்போது உண்டாகும் உராய்வு வெப்பம் இன்னும் கொஞ்சம் உருக்கும். அண்டார்க்டிகாவில் பனிக்கு அடியில் இருக்கிற தண்ணீர் ஏறக்குறைய முழுக்க இப்படித் துளித்துளியாய்ச் சேர்ந்ததுதான். கிரீன்லாந்தின் விளிம்புகளிலும் ஆல்ப்ஸ் மலையிலும் கதை வேறு. அங்கே கோடையில் மேற்பரப்பில் மீட்டர் கணக்கில் பனி உருகுகிறது. அந்த நீர் பிளவுகளிலும், மூலான் எனப்படும் செங்குத்துக் கிணறுகளிலும் விழுந்து நேரே அடிக்குப் போகிறது. அடியில் ஊறுவது மில்லிமீட்டரில், மேலிருந்து கொட்டுவது மீட்டரில். அதனால்தான் பருவம் மாறும்போது வேகமும் மாறுகிறது.

சரி, தண்ணீர் அங்கே போய் என்ன செய்கிறது? வழவழப்பாக்குகிறது என்று சொல்வது வழக்கம். அந்தச் சொல்லே கொஞ்சம் தவறான எண்ணத்தைக் கொடுக்கிறது. உருகுநிலையில் இருக்கிற பனிக்கும் பாறைக்கும் நடுவே மெல்லிய ஈரப்படலம் எப்போதும் உண்டு. கூடுதலாக நீர் வந்து அதை இன்னும் ‘ஈரமாக்க’ வேண்டியதில்லை. தண்ணீர் செய்வது வேறு வேலை. அது பனியைத் தூக்குகிறது.

ஆயிரம் மீட்டர் தடிமனான பனி தன் அடியில் ஏறத்தாழ 90 வளிமண்டலங்களின் அழுத்தத்தைத் தருகிறது. அடியில் தேங்கிய நீரும் பதிலுக்கு மேலே அழுத்துகிறது. பனியின் எடையில் ஒரு பகுதியை நீர் தாங்கிக்கொண்டால், பாறைமேல் படும் பாரம் அந்த அளவுக்குக் குறையும், உராய்வும் குறையும். பனியின் அடர்த்தி தண்ணீரில் ஏறத்தாழ 92 சதவீதம். ஆகவே ஆயிரம் மீட்டர் பனியில் தோண்டிய துளையில் நீர்மட்டம் அடியிலிருந்து 917 மீட்டர் உயரத்தைத் தொட்டால், அந்த இடத்தில் பனி மிதக்கிறது என்று அர்த்தம். பனியின் எடையழுத்தத்திலிருந்து நீரழுத்தத்தைக் கழித்தால் வருகிற மிச்சம்தான் முக்கியம். அந்த மிச்சம் சிறியதாக ஆக ஆகப் பிடிமானம் தளரும்.

இதை அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் சூரிக்கைச் சேர்ந்த அல்முட் இக்கன். சுவிட்சர்லாந்தின் ஃபின்டெலன் பனியாற்றில் அடிவரை துளையிட்டு, துளைகளில் நீர்மட்டம் ஏறி இறங்குவதையும் மேலே பனி நகரும் வேகத்தையும் அவரும் ராபர்ட் பின்ட்ஷாட்லரும் ஒருசேரப் பதிவு செய்தார்கள். நீரழுத்தம் ஏறினால் வேகம் ஏறியது. எடையழுத்தத்தை நெருங்கும்போது வேகம் செங்குத்தாக எகிறியது. 1986-இல் வெளியான அந்த அளவீடு இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அதற்கு முன்பே உன்டரார் பனியாற்றில் இக்கனும் சகாக்களும் இன்னொன்றைக் கவனித்திருந்தார்கள். உருகு பருவம் தொடங்கும்போது பனியாறு முழுதாகச் சில பத்து சென்டிமீட்டர் மேலே எழும்பியது. அடியில் பாறை மேடுகளுக்குப் பின்னால் இருக்கும் பொந்துகளில் நீர் புகுந்து, பனியை நெம்பி உயர்த்தியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பனி மிக உயரமாக நின்ற நேரத்தில் வேகம் உச்சத்தில் இல்லை. உயர்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் உச்சத்தில் இருந்தது. அதாவது தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, இருக்கிற இடத்துக்குள் அடங்காமல் அது முண்டிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்து இந்த விஷயம் முழுவதற்கும் திறவுகோல் இந்த ஒரு கவனிப்பில் இருக்கிறது. ஆனால் பெரிய அளவில் அதன் பொருள் புரிய இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் ஆயின.

இடையில் கிரீன்லாந்து வந்தது. ஆல்ப்ஸ் பனியாறுகள் மெல்லியவை, அங்கே நீர் அடிவரை போவதில் ஆச்சரியமில்லை. கிரீன்லாந்துப் பனிவிரிப்பின் மேற்கு ஓரத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமனான, உறைநிலைக்கு வெகு கீழே குளிர்ந்த பனி. கோடையில் மேலே உருகுகிற நீர் அதைத் துளைத்துக்கொண்டு அடிக்குப் போகும் என்று பலர் நம்பவில்லை. 2002-இல் நாசாவின் ஜே ஸ்வாலி தலைமையிலான குழு சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கோன்ராட் ஷ்டெஃபன் 1990-இல் நிறுவிய ‘சுவிஸ் முகாம்’ அருகே, ஏறத்தாழ 1,200 மீட்டர் தடிமனான பனியில் நட்டு வைத்த ஜிபிஎஸ் கருவிகள் சொன்ன கதை அது. குளிர்காலத்தில் நாளுக்கு 31 செ.மீ. நகர்ந்த பனி, 1998 கோடையில் 40 செ.மீ.யைத் தொட்டது. உருகல் தீவிரமானபோது வேகம், உருகல் ஓய்ந்தபோது மெதுவு. மேலே உருகும் நீர் சில நாள்களில் அடியை எட்டிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எப்படித் துளைக்கிறது என்பதையும் அப்புறம் நேரில் பிடித்தார்கள். கோடையில் பனியின்மேல் நீலநிற ஏரிகள் தேங்குவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். சாரா தாஸும் இயன் ஜோகினும் அப்படி ஒரு ஏரியைச் சுற்றிக் கருவிகள் வைத்துவிட்டு வந்தார்கள். 5.6 சதுர கி.மீ. பரப்பு, 4.4 கோடி கன மீட்டர் தண்ணீர். 2006 ஜூலை 29 அன்று அது இரண்டு மணி நேரத்துக்குள் காலியானது. நயாகராவில் விழுவதைவிட அதிகமான நீர், ஒரு கிலோமீட்டர் பனிக்குள் திறந்த விரிசல் வழியே கீழே போனது. தண்ணீர் பனியைவிடக் கனம் என்பதால் விரிசலில் நிரம்பிய நீர் அதை ஆப்பு போலப் பிளந்துகொண்டே அடிவரை போய்விடும். ஏரிக்கு அடியில் இருந்த பனி 1.2 மீட்டர் உயர்ந்தது, ஒரு நாளுக்குள் மீண்டும் தாழ்ந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குக் கவலை வந்ததில் குறையேதும் சொல்ல முடியாது. கிரீன்லாந்துப் பனி முழுதும் கரைந்தால் உலகக் கடல் மட்டம் ஏழு மீட்டருக்கு மேல் உயரும். உருகினால் வேகம், வேகமானால் பனி தாழ்வான வெப்பப் பகுதிக்கு வந்து இன்னும் உருகும், இன்னும் வேகம். ஒன்றை ஒன்று தூண்டிவிடுகிற சுழல். ஊடகங்களுக்கு இது போதுமானதாக இருந்தது.

ஆனால் 2008-லேயே முதல் இடறல் வந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் குழு, கிரீன்லாந்தின் மேற்கே காங்கர்லுசுவாக் அருகே 17 ஆண்டுகளாகக் கழிகள் நட்டு வேகத்தை அளந்து வந்திருந்தது. கோடையில் வாரக்கணக்கில் வேகம் தாறுமாறாகக் கூடுவதை அவர்களும் பார்த்தார்கள். ஆனால் வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வேகம் கூடவில்லை, லேசாகக் குறைந்திருந்தது. 2011-இல் வந்த இன்னொரு ஆய்வு, சாதாரண ஆண்டுகளையும் வெப்பம் மிகுந்த ஆண்டுகளையும் ஒப்பிட்டது. கோடைத் தொடக்கத்தில் இரண்டிலும் வேகம் ஒன்றுபோலவே ஏறியது. வெப்பம் மிகுந்த ஆண்டில் பனி சீக்கிரமே களைத்து மெதுவாகிவிட்டது. பிறகு 2015-இல் ஆண்ட்ரூ டெட்ஸ்டோனும் சகாக்களும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை 1985 வரை பின்னோக்கிப் புரட்டினார்கள். தென்மேற்கில் 8,000 சதுர கி.மீ. பரப்பில், 1985–94 காலத்தோடு ஒப்பிட்டால் 2007–14 காலத்தில் பனி 12 சதவீதம் மெதுவாக ஓடியது. அதே இடைவெளியில் உருகல் 50 சதவீதம் கூடியிருந்தது.

நீர் அதிகம், வேகம் குறைவு. சங்கிலி அறுந்த இடம் இதுதான்.

விளக்கம் புதிதாகத் தேட வேண்டியதில்லை, ஆல்ப்ஸ் ஆய்வாளர்களிடம் பாதி ஏற்கனவே இருந்தது. பனியின் அடியில் நீர் இரண்டு விதமாகப் பயணிக்கும். குளிர்காலம் முழுதும் அங்கே இருப்பது சிறு பொந்துகளும், அவற்றை இணைக்கும் மெல்லிய இடுக்குகளும்தான். சறுக்கும் பனி பாறை மேட்டைத் தாண்டும்போது பின்புறம் விடுகிற இடைவெளிகள் அவை. நீர் அவற்றின் வழியே சுற்றிச் சுற்றி மெதுவாகத்தான் கசியும். வசந்தத்தில் மேலிருந்து திடீரென்று நீர் கொட்டினால் இந்த வலைப்பின்னலால் தாங்க முடியாது. அழுத்தம் ஏறும், பனி உயரும், சறுக்கும். இதுவரை ஸ்வாலி சொன்ன கதைதான்.

ஆனால் ஓடுகிற நீருக்கு உராய்வு வெப்பம் உண்டு. அது தன்னைச் சுற்றியுள்ள பனியைக் கரைக்கும். வயல்வரப்பில் சின்னதாக ஓர் உடைப்பு விழுந்தால், பாய்கிற தண்ணீரே அதை அகலமாக்கி, பக்கத்து நீரையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளுமே, அதுமாதிரி. கொஞ்சம் பெரிய இடுக்கில் கொஞ்சம் அதிக நீர் போகும், அதிகம் கரையும், இன்னும் பெரிதாகும். சில வாரங்களில் அது பனிக்குள் குடைந்த ஒரு சுரங்கக் கால்வாயாகிவிடும். ஹான்ஸ் ரோத்லிஸ்பெர்கர் 1972-லேயே கணக்குப் போட்டுக் காட்டியது போல, இந்தக் கால்வாய்களின் குணம் விநோதமானது: நிதானமாக ஓடும் நிலையில், நீர் அதிகமாக ஓடும் கால்வாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்த கால்வாய் சுற்றியுள்ள பொந்துகளின் நீரை உறிஞ்சிக்கொள்ளும். பொந்துகள் வடியும், பனி மறுபடி பாறைமேல் பாரமாக உட்காரும், வேகம் விழும்.

எனவே வெப்பமான கோடை என்றால் கால்வாய்கள் சீக்கிரம் பெரிதாகும், சீக்கிரம் வடிகால் கிடைக்கும், சீக்கிரம் வேகம் குறையும். பெரிதாக வெட்டப்பட்ட கால்வாய்கள் இலையுதிர் காலத்திலும் பொந்துகளை வடித்துக்கொண்டே இருப்பதால், அடுத்து வரும் குளிர்காலம் வழக்கத்தைவிட மெதுவாகத் தொடங்கும். கோடையின் வரவை குளிர்காலத்தின் செலவு ஈடுகட்டிவிடுகிறது. வருடம் முழுதும் கூட்டினால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை, சில இடங்களில் கடன்தான். 2013-க்குப் பிறகு சில கோடைகள் சற்றுக் குளிர்ந்து உருகல் குறைந்தபோது, அதே தென்மேற்குப் பகுதியில் பனி மறுபடி வேகமெடுக்கத் தொடங்கியதும் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது.

கனடாவின் கிறிஸ்டியன் ஷூஃப் 2010-இல் நேச்சர் இதழில் இதைச் சமன்பாடுகளாக எழுதினார். அவர் சொன்னதில் இன்னொரு பாதியும் உண்டு, அதை அவ்வளவாக யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. கால்வாய்கள் வளர நேரம் தேவை. ஒரே சீராக நீர் கூடினால் கால்வாய் ஈடுகொடுத்துவிடும். திடீரென்று கூடினால் கொடுக்காது. பிற்பகலில் உருகல் உச்சமடையும்போது, ஏரி ஒன்று உடையும்போது, மழை பெய்யும்போது, கால்வாய் நிரம்பி வழிந்து அழுத்தம் சுற்றுவட்டாரத்துக்குப் பரவும். அந்த மணிநேரங்களில் பனி பாயும். ஆகவே வருடத்தில் மொத்தம் எவ்வளவு உருகியது என்று கேட்பதைவிட, எவ்வளவு ஏற்ற இறக்கத்தோடு உருகியது என்று கேட்பதுதான் சரி.

2011 ஆகஸ்ட் கடைசியில் இதற்குச் சோதனை வைத்ததுபோல ஒரு புயல் சின்னம் கிரீன்லாந்தின் மேற்கில் மழையைக் கொட்டியது. பருவம் முடிகிற நேரம். உருகல் ஓய்ந்து, பனியின் எடையில் கால்வாய்கள் சுருங்கத் தொடங்கியிருந்தன. ஜூலையில் வந்திருந்தால் சாதாரணமாக வடிந்திருக்கும் நீர் இப்போது போக வழியில்லாமல் திணறியது. விளிம்பிலிருந்து 140 கி.மீ. உள்ளே வரை பனியின் வேகம் கூடியதை ஜிபிஎஸ் கருவிகள் பதிவு செய்தன. கிரீன்லாந்தில் பனிக்குப் பதில் மழையாகப் பெய்வது கூடிவரும் சூழலில், மொத்த உருகலைவிட இந்த மாதிரி அகாலத் தண்ணீர் எனக்குப் பெரிய கவலையாகப் படுகிறது.

கால்வாய்க் கதையும் முழுக் கதையல்ல. லாரன் ஆண்ட்ரூஸும் சகாக்களும் மேற்குக் கிரீன்லாந்தில் மூலான்களுக்குள்ளும் துளைகளுக்குள்ளும் அழுத்தமானிகளை இறக்கினார்கள். மூலான் நேராகக் கால்வாயோடு இணைந்தது, துளை எங்கோ ஓர் ஓரத்தில் அடியைத் தொடுவது. 2014-இல் வெளியான அவர்களின் முடிவின்படி, கோடையின் பிற்பகுதியில் மூலான்களில் அழுத்தம் பெரிதாகக் குறையவே இல்லை, ஆனாலும் பனி மெதுவாகிக்கொண்டு வந்தது. கால்வாயோடு சரியாக ஒட்டாத, ஒதுங்கிக் கிடக்கிற பகுதிகள் அடியில் நிறைய உண்டு. அவை மெல்ல மெல்ல வடிவதுதான் பருவ இறுதியின் மெதுவுக்குக் காரணம் என்று அவர்கள் வாதிட்டார்கள். பெரிய கால்வாய்கள் அடியின் பரப்பில் சிறு பங்குதான். மீதிப் பரப்பில் என்ன நடக்கிறது என்பதுதான் பனியின் மொத்தப் பிடிமானத்தைத் தீர்மானிக்கிறது.

வடிகால் அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அலாஸ்காவின் வேரியகேட்டட் பனியாறு நல்ல பாடம். சில பனியாறுகள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சோம்பிக் கிடந்துவிட்டு, ஒரு நாள் பித்துப் பிடித்ததுபோலப் பாயும். வேரியகேட்டட் அந்த ரகம். 1982–83-இல் அது பாய்ந்தபோது பார்க்லே காம்பும் ஒரு பெரிய குழுவும் தயாராகக் காத்திருந்தார்கள். உச்சத்தில் பனி நாளுக்கு 50 மீட்டருக்கும் மேல் ஓடியது. அப்போது அடி நீரில் சாயம் கலந்து பார்த்தார்கள். சாயம் கீழ்முனையில் நாள்கணக்கில் சிறுகச் சிறுகத்தான் வந்தது. நீர் பொந்துகளிலேயே சிறைப்பட்டிருந்தது என்பதற்கு அது அடையாளம். 1983 ஜூலை 4, 5 வாக்கில் பாய்ச்சல் சட்டென்று நின்றது. நின்ற அதே நேரத்தில் முனையிலிருந்து கலங்கல் வெள்ளம் பீறிட்டு வந்தது. பிறகு சாயம் கலந்தபோது அதே தூரத்தைச் சில மணி நேரத்தில் கடந்துவிட்டது. நீர் வெளியே வந்ததும் பனி நின்றது. இதைவிடத் தெளிவாக இயற்கை ஒரு பரிசோதனையை நமக்குச் செய்து காட்டப்போவதில்லை.

காரகோரத்திலும் இப்படிப் பாயும் பனியாறுகள் ஏராளம். ஹுன்ஸா பகுதியில் ஷிஸ்பர் பனியாறு 2018-இல் பாயத் தொடங்கி, பக்கத்துப் பள்ளத்தாக்கின் ஓடையை அடைத்து ஏரியாக்கியது. அந்த ஏரி உடைந்து 2022 மே மாதம் காரகோரம் நெடுஞ்சாலையின் ஹசனாபாத் பாலத்தை அடித்துக்கொண்டு போனது.

சில நேரம் பனியாறே கழன்று விழும். 1965 ஆகஸ்ட் 30 அன்று சுவிட்சர்லாந்தில் மாட்மார்க் அணை கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களின் முகாம்மீது அல்லாலின் பனியாற்றின் நாக்கு உடைந்து விழுந்து 88 பேர் இறந்தார்கள். விழுவதற்கு முன் அது வழக்கத்தைவிட வேகமாகச் சறுக்கிக்கொண்டிருந்தது. திபெத்தின் அரு மலையில் 2016 ஜூலை 17 அன்று நடந்ததை இன்றும் ஆய்வாளர்கள் வியப்போடுதான் பேசுகிறார்கள். அவ்வளவாகச் சரிவே இல்லாத ஒரு பனியாற்றின் கீழ்ப்பகுதி முழுவதும் அப்படியே பெயர்ந்து ஓடி, ஒன்பது கால்நடை மேய்ப்பர்களைப் புதைத்தது. இரண்டே மாதத்தில் பக்கத்துப் பனியாறும் அதையே செய்தது. அடியில் மென்மையான நுண்மண், அதற்குள் உருகலாலும் மழையாலும் ஏறிய நீரழுத்தம், ஓரங்களோ பாறையோடு உறைந்து நீர் வெளியேற விடாமல் அடைத்திருந்தன. வடிகால் இல்லாத தண்ணீர் என்பதன் கடைசி எல்லை அது.

இமயமலையின் பெரும்பகுதி இதற்கு நேர்மாறான திசையில் போகிறது. 2000-க்கும் 2017-க்கும் இடையே எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, காரகோரமும் மேற்குக் குன்லுனும் நீங்கலாக, இமயமும் திபெத்தும் சேர்ந்த உயர் ஆசியா முழுதும் பனியாறுகள் மெதுவாகிவருவதைக் காட்டியது. இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி பகுதியில் பத்தாண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வேகம் குறைந்திருக்கிறது. காரணம் தண்ணீரல்ல, மெலிவு. பனியைக் கீழே இழுப்பது அதன் தடிமனும் சரிவும். தடிமன் போனால் இழுவையும் போகும். அடியில் எவ்வளவு நீர் இருந்தாலும் தள்ளுவதற்குக் கனம் வேண்டுமே. மெதுவாவதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. மேலிருந்து புதுப் பனி வந்து சேர்வது குறைவதால் கீழ்ப்பகுதி நின்ற இடத்திலேயே கரையும்.

அண்டார்க்டிகாவைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே மேற்பரப்பு நீர் பெரும்பாலும் அடிக்கு வருவதில்லை, ஆனால் அடியிலேயே நூற்றுக்கணக்கான ஏரிகள் இருக்கின்றன. சில நிரம்பும், காலியாகும். 2005 கடைசியிலிருந்து 2007 தொடக்கம் வரை பேர்ட் பனியாற்றுக்கு மேலே இரண்டு ஏரிகளிலிருந்து 1.7 கன கி.மீ. நீர் வடிந்தபோது பனியாற்றின் வேகம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடியது. 2013-இல் துவைட்ஸ் பனியாற்றுக்கு அடியில் நான்கு ஏரிகள் வடிந்தபோது சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. துவைட்ஸுக்கு அடியில் வடிகால் ஏற்கனவே நன்றாக இருந்திருக்கலாம். அந்தப் பனியாற்றைப் பற்றி உலகம் கவலைப்படுவது வேறு காரணத்துக்காக: கடலின் வெதுவெதுப்பான நீர் அதன் முனையைக் கீழிருந்து அரிக்கிறது.

கிரீன்லாந்திலும் கடலில் முடியும் பனியாறுகளுக்கு இது பொருந்தும். யாகப்ஸ்ஹாவன் 2012 கோடையில் நாளுக்கு 46 மீட்டர் வரை ஓடியது. அது முனையில் பனியைத் தடுத்துப் பிடித்திருந்த தாங்கல் போனதால் வந்த வேகம், அடி உருகுநீரால் வந்ததல்ல. ஆனால் உருகுநீர் அங்கே பின்வாசல் வழியாக நுழைகிறது. பனிக்கு அடியிலிருந்து கடலுக்குள் பீறிடும் நன்னீர் லேசாக இருப்பதால் மேலே எழும்பும், எழும்பும்போது ஆழத்து வெதுவெதுப்பான உவர்நீரை இழுத்துக்கொண்டு பனிமுகத்தின் மேல் தேய்க்கும். முனை வேகமாகக் கரையும். சறுக்கலைத் தணிக்கும் அதே வடிகால் கால்வாய்தான் இங்கே முனையை அரிக்கும் குழாயாகிறது.

அப்படியானால் கிரீன்லாந்தின் நிலப்பகுதி விளிம்புகளைப் பற்றிக் கவலையை விட்டுவிடலாமா? விளிம்பைப் பொறுத்தவரை ஓரளவு விடலாம். உள்நிலப் பகுதி வேறு மாதிரி. காங்கர்லுசுவாக்கிலிருந்து உள்ளே போகும் பாதையில் சாயமும் வாயுவும் கலந்து நடத்திய சோதனைகளில், விரைவான கால்வாய் வடிகால் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. வரைதான் தெரிந்தது. அதற்கு அப்பால் பனி மிகத் தடிமன். தடிமனான பனியின் அழுத்தம் கால்வாய்களை வேகமாக மூடிவிடும். மேலும் அங்கே மேற்பரப்பின் சரிவு குறைவு, நீர் உற்சாகமாக ஓடிக் குடைவதற்கு உந்துதல் இல்லை. அங்கே நீர் போய்ச் சேர்ந்தால் பொந்துகளிலேயே தங்கும். சாமுவேல் டாயிலும் சகாக்களும் விளிம்பிலிருந்து 140 கி.மீ. உள்ளே, 1,840 மீட்டர் உயரத்தில் வைத்த கருவி, 2009-க்கும் 2012-க்கும் இடையே பனி ஆண்டுக்கு 2.2 சதவீதம் வேகம் கூடியதைக் காட்டியது. கீழே விளிம்பில் மெதுவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. உயரத்தில் ஏரிகள் தேங்கினாலும் அங்கே பனி அவ்வளவாக இழுபடுவதில்லை, பிளவுகள் குறைவு, பிளவு இல்லாமல் நீர் அடிக்குப் போக முடியாது என்கிறார் கிறிஸ்டின் போய்னார். நீர் மேற்பரப்பிலேயே ஓடிக் கீழே வந்து, ஏற்கனவே வடிகால் உள்ள பகுதியில் இறங்கிவிடும். அதற்கும் மறுப்பு வந்தது: ஓர் ஏரி உடைந்து பனி சறுக்கும்போது அந்தத் திடீர் இழுவை தொலைவில் இருக்கும் இன்னோர் ஏரிக்கு அடியில் பிளவைத் திறந்துவிடலாம், அது மூன்றாவதைத் திறக்கலாம், இப்படித் தொடராக ஏரிகள் உடைவது பனிவிரிப்பின் உள்ளே வெகுதூரம் போகலாம் என்று 2018-இல் போல் கிறிஸ்டோஃபர்சனின் குழு காட்டியது.

2100-இல் கடல் எவ்வளவு உயரும் என்று கணிக்கும் கணினி மாதிரிகளில் பெரும்பாலானவை இந்தச் சண்டைக்குள் போவதே இல்லை. இன்றைய பனியின் வேகத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் உராய்வு எண்ணை எடுத்து, அதை நூற்றாண்டு முழுதும் மாற்றாமல் வைத்துக்கொள்கின்றன. விளிம்புப் பகுதிக்கு அந்தக் குறுக்குவழி பெரிய பிழை தராது என்பதற்குத்தான் மேலே சொன்ன முப்பது ஆண்டுப் படங்கள் ஆதாரம். உருகல் கோடு, அதாவது கோடையில் பனி உருகும் பகுதியின் மேல் எல்லை, ஏறிக்கொண்டிருக்கும் உயரங்களுக்கு அப்படி ஓர் ஆதாரம் இன்னும் கிடையாது.